சொல்லாமல் காலி செய்தால் அட்வான்ஸ் போய்விடுமா?

"அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்." சென்னை வீட்டுக்காரர்கள் கேட்டுக் கேட்டுக் கசந்துபோன வாசகம் இது. வேலை பெங்களூருக்கு மாறியிருக்கும், ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கும், ஆபீஸ் பக்கத்திலேயே தோதாக ஒரு வீடு அமைந்திருக்கும். காரணம் எதுவானாலும் ஒரு வாரத்தில் காலி செய்தாக வேண்டும்; நோட்டீஸ் கொடுக்க நேரமில்லை. வீட்டுக்காரரின் பதிலும் ஏறக்குறைய மனப்பாடம்தான்: "அக்ரிமென்ட்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க தம்பி. நோட்டீஸுக்கு ஒரு மாச வாடகை, பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுப்பேன். மிச்சத்தை அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்."

இந்தப் பதிலில் நோட்டீஸ் விஷயம் பாதிதான் சரி. பெயின்டிங் வாதத்துக்கு உரியது. கடைசி வாக்கியம் சட்டப்படி தவறு.

கடைசியிலிருந்தே தொடங்கலாம். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017-இல் புதிய வாடகைச் சட்டம் இயற்றப்பட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அடுத்த ஆள் வருகிறாரா, வந்தவர் எவ்வளவு தருகிறார் என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. நடப்பு வேறு. வாங்கிய அட்வான்ஸ் பெண் கல்யாணத்திலோ மாடிப் போர்ஷன் கட்டியதிலோ எப்போதோ கரைந்திருக்கும். புதியவர் பணத்தை வாங்கிப் பழையவருக்குக் கொடுப்பதே பல வீடுகளில் வழக்கம். அந்தச் சுழற்சி அறுபடும்போதுதான் சண்டை தெருவுக்கு வருகிறது.

இனி நோட்டீஸ். எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதை முதலில் தீர்மானிப்பது அக்ரிமென்ட்தான். பெரும்பாலான பதினோரு மாத ஒப்பந்தங்களில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ எழுதியிருக்கும். எழுத்தில் எதுவுமே இல்லாமல் மாத வாடகைக்குக் குடியிருந்தால், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 106, பதினைந்து நாள் அறிவிப்பு போதும் என்கிறது. இது இரு தரப்புக்கும் பொது.

சரி, அந்த நோட்டீஸைக் கொடுக்காமலே ஒருவர் போய்விட்டால்? இங்கேதான் வீட்டுக்காரர்களும் வாடகைதாரர்களும் சேர்ந்தே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நோட்டீஸ் வாடகையை அபராதம் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். தலைவிதி என்று வாடகைதாரர் விட்டுவிடுகிறார். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்துக்கு இரண்டுமே தெரியாது. ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் வந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்கிறது பிரிவு 73. அந்த இழப்பைக் குறைக்க மற்றவருக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு தொகையே எழுதியிருந்தால் பிரிவு 74 வரும். அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான ஈடு எதுவோ அதுதான் கிடைக்கும்.

இதை உச்ச நீதிமன்றம் விளக்கிய வழக்குகளில் ஒன்று உருளைக்கிழங்கைப் பற்றியது. மௌலா பக்ஷ் என்ற ஒப்பந்ததாரர் 1947-இல் உத்தரப் பிரதேசப் பகுதி ராணுவத் தலைமையகத்துக்கு உருளைக்கிழங்கு தருவதாக ஒப்புக்கொண்டு 10,000 ரூபாயும், கோழி, முட்டை, மீன் தருவதாக 8,500 ரூபாயும் டெபாசிட் கட்டினார். ஒழுங்காகச் சரக்கு போடவில்லை. அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்து டெபாசிட்டையும் எடுத்துக்கொண்டது. 1969-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர் சரக்கு போடாத நாட்களில் வெளியில் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று காட்டி இழப்பை நிரூபித்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை என்று கேட்டது. பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

வீட்டுக்காரர்கள் இன்னும் கவனிக்க வேண்டியது 2015-இல் வந்த கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கு. டெல்லியில் பிகாஜி காமா பிளேஸ் பகுதி மனை ஒன்றை அந்த நிறுவனம் 1982-இல் 3.12 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு, 78 லட்சத்தை முன்பணமாகக் கட்டியது. மீதியைக் குறித்த நேரத்தில் கட்டவில்லை என்று டெல்லி வளர்ச்சி ஆணையம் முன்பணத்தைப் பறிமுதல் செய்தது. அதே மனையைப் பிறகு 11.78 கோடிக்கு விற்றது. இழப்பே இல்லாத இடத்தில் ஈடு எங்கிருந்து வரும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். 78 லட்சமும் திரும்பியது. பழையவர் போன மறுவாரமே கூடுதல் வாடகைக்கு ஆள் வைத்துவிட்டு, நோட்டீஸ் வாடகையையும் பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரர் நிலையும் கிட்டத்தட்ட அதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாத வாடகை 18,000. ஒரு மாத நோட்டீஸ். ஜூன் மாத வாடகையை 5-ஆம் தேதி கட்டிய வாடகைதாரர், 10-ஆம் தேதி தகவல் சொல்லி 15-ஆம் தேதியே சாவியைக் கொடுத்துவிடுகிறார். முறைப்படி நோட்டீஸ் முடிய வேண்டியது ஜூலை 10. வீடு ஆகஸ்ட் வரை காலியாகவே கிடந்தாலும் அவரிடம் கேட்கக்கூடியது ஜூலையின் முதல் பத்து நாள் வாடகை, அதாவது சுமார் 5,800 ரூபாய்தான். ஜூலை 10-க்குப் பிறகு அவர் சட்டப்படியே போயிருக்கலாம். ஜூலை 1-ஆம் தேதியே புதியவர் வந்துவிட்டால் அந்த 5,800-ம் இல்லை. ஜூன் 20-ஆம் தேதியே வந்து அன்றிலிருந்து வாடகை கொடுக்கத் தொடங்கினால், ஒரே வீட்டுக்கு ஒரே நாட்களில் இரண்டு வாடகை ஆகிவிடுகிறது. கடைசிப் பத்து நாளுக்கான தொகையைத் திருப்பிக் கேட்பதில் பழையவருக்கு நியாயம் இருக்கிறது. குறிப்பிட்ட காலம் வரை காலி செய்வதில்லை என்று 'லாக்-இன்' போட்டிருந்தால் மட்டும் கணக்கு மாறும். அங்கேயும் இழப்புதான் அளவுகோல்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு, அதைச் சின்னதாக்கிவிடக் கூடாது. ஆனி மாதக் கடைசியில் ஒருவர் திடீரென்று பெட்டியைக் கட்டினால், ஆடி முழுக்க டு-லெட் போர்டு தொங்கியபடியே இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச யார் வருகிறார்கள்? பள்ளிக்கூடம் திறந்த பிறகு குழந்தைகள் இருக்கிற குடும்பங்கள் வீடு மாறுவதும் குறைவு. வாடகையை நம்பி மருந்து வாங்கும் ஓய்வுபெற்றவருக்கும், வாடகை வந்தால்தான் வீட்டுக் கடன் தவணை கட்ட முடியும் என்றிருப்பவருக்கும் அது உண்மையான நஷ்டம். நோட்டீஸ் இருந்திருந்தால் ஆனியிலேயே ஆள் பிடித்திருக்கலாம் என்று அவர் சொன்னால், மறுப்பதற்கு வாடகைதாரரிடம் ஒன்றும் இருக்காது. அதைவிட மோசம், கடைசி மூன்று மாத வாடகையையே கொடுக்காமல் அட்வான்ஸில் கழிக்கச் சொல்லிவிட்டு, இபி பில்லையும் மெயின்டனன்ஸையும் பாக்கி வைத்து, வாட்ச்மேனிடம் சாவியை வீசிவிட்டுப் போகிறவர்கள். அட்வான்ஸ் பிணையாக வாங்கும் பணம். முன்கூட்டியே கட்டிய வாடகை அல்ல. வீட்டுக்காரர் சம்மதிக்காமல் அப்படிக் கழிக்கச் சொல்ல வாடகைதாரருக்கு உரிமை இல்லை.

சாவியைத் தராமல் போவது இன்னும் சிக்கல். 2020 ஊரடங்கில் சாமான்களை உள்ளே வைத்து அறையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர்கள் பலர். தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகையைக் கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் அந்த ஆண்டு மார்ச் 29 அன்று ஆணை போட்டது. ஒரு மாதம் அவ்வளவுதான். பூட்டிய அறைக்கு அதற்குப் பிறகு வாடகை ஏறிக்கொண்டேதான் இருந்தது. வீடு காலியாகக் கிடந்தால் போதாது. அது வீட்டுக்காரர் கைக்கு வந்தாக வேண்டும்.

பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்பது சென்னையில் எழுதாத விதி. இப்போதெல்லாம் எழுதியும் வைக்கிறார்கள். புதிய சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பராமரிப்பு வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அதில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பட்டியலில் இருக்கின்றன. குழாய், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பட்டியலில். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை. குழந்தை சுவர் முழுக்க கிரேயானில் வரைந்திருந்தால் அது வேறு கதை.

மின் கட்டணத்தில் சிக்கல் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறார்கள். நடுவில் காலி செய்பவரிடம், பில் வந்ததும் பார்த்துக்கலாம் என்று மூவாயிரம், நாலாயிரம் நிறுத்திவைப்பார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. சாவி கொடுக்கும் அன்று மீட்டரைப் படம் எடுத்து, ஓடிய யூனிட்டுக்கு அங்கேயே கணக்கு முடித்துவிடுவது நல்லது.

காலி செய்து ஒரு மாதம் கடந்தும் அட்வான்ஸ் வராவிட்டால், காவல் நிலையம் அதைப் பணத் தகராறு என்று திருப்பி அனுப்பிவிடும். முதலில் பதிவுத் தபாலில், கழித்தவை என்னென்ன என்று கேட்டு ஒரு கடிதம் போட வேண்டும். பிறகு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. அங்கே வழக்குக்கு முன்பே சமரசம் பேச வழி உண்டு. புதிய சட்டத்தின் கீழ் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று தனி அமைப்பே இருக்கிறது. அங்கே போகிறவருக்கு எழுத்து ஒப்பந்தமும், அது அரசின் இணையதளத்தில் பதிவான எண்ணும் பெரும் பலம். பலரிடம் அந்த எண் இருப்பதில்லை. புரோக்கர் நீட்டிய இருபது ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

அடுத்த முறை அப்படியொரு பத்திரம் கைக்கு வந்தால், நோட்டீஸ் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். "நோட்டீஸ் இன்றிக் காலி செய்தால் ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்" என்று இருந்தால், "அல்லது புதிய வாடகைதாரர் குடிவரும் நாள் வரை, இதில் எது குறைவோ அது" என்று சேர்க்கச் சொல்லுங்கள். நியாயமான வீட்டுக்காரர் மறுக்க மாட்டார். மறுத்தால் அதையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.