வெயில் முற்றத்திற்குக் கல்வாழை

மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுற்றுச்சுவரோரம் பல இல்லங்களில் வீணே கிடக்கின்றது. அங்கு வைத்த சிறு செடிகள் கோடையில் கருகிவிடுகின்றன. சலிப்புற்றவர்கள் அவ்விடத்தையும் சிமெண்ட் பூசி மூடிவிடுகின்றனர். விளைவு என்ன? மழைநீர் மண்ணில் இறங்க வழியில்லை. பகலில் தரை வாங்கிய வெப்பமோ இரவிலும் வீட்டாரை வாட்டுகின்றது. மூடுவதற்கு முன் அவ்விடத்தில் கல்வாழையை நட்டுப் பாருங்கள். மணிவாழை என்றும் இதனை அழைப்பர்.

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். 1753 இல் லின்னேயஸ் இதற்கு ‘கன்னா இண்டிகா’ எனப் பெயர் சூட்டினார். பெயரைக் கண்டு இந்தியச் செடி என எண்ணிவிடக் கூடாது. 3 அடி முதல் 6 அடி வரை உயர்ந்து, சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களில் மலரும். நாம் இதழ்கள் எனக் கருதுபவை உண்மையில் உருமாறிய மகரந்தத் தாள்களே. மெய்யான இதழ்கள் அவற்றின் அடியில் குறுகிக் கிடக்கும்.

விதையின் தோல் மிகக் கடினமானது. ஆதலின் கிழங்கை நடுவதே எளிது. இரண்டு முளைகளேனும் உள்ள துண்டை, மக்கிய சாண எரு கலந்த மண்ணில், 4 அங்குல ஆழத்தில், 2 அடி இடைவெளி விட்டு நட வேண்டும். நாள்தோறும் 6 மணி நேர வெயிலேனும் தேவை.

வெயிலைப் போன்றே நீரையும் இது விரும்பும். அதற்கெனத் தனியே நீர் இறைக்க வேண்டுவதில்லை. ஒளூச் செய்த நீரையும், அரிசி, காய்கறி கழுவிய நீரையும் பாத்திக்குத் திருப்பிவிட்டாலே போதும். கழிவுநீரைத் தூய்மையாக்கும் பாத்திகளிலும் இச்செடியை வளர்க்கின்றனர். ஆயினும் நீர் மண்ணில் சுவற வேண்டும். தேங்கி நின்றால் கொசு பெருகும்.

பூத்து முடிந்த தண்டைத் தரையோடு வெட்டிவிட்டால் புதுத் தண்டுகள் கிளம்பும். சுருண்ட இலைகளைப் பிரித்து, உள்ளிருக்கும் புழுவை அகற்ற வேண்டும்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் புதர் நெருங்கிப் பூக்கள் குறையும். அப்போது கிழங்கைத் தோண்டிப் பிரித்து நட்டு, மிகுந்ததை அண்டை வீட்டாருக்கு வழங்கலாம். ஆனால் இலைகளில் மஞ்சள் கோடுகளும் திட்டுகளும் படர்ந்த செடியின் கிழங்கை எவருக்கும் அளிக்கலாகாது. அது நச்சுயிரி நோயாக இருக்கக்கூடும், கிழங்கின் வழியே பிறர் தோட்டத்திற்கும் பரவும், அதற்கு மருந்தில்லை. அத்தகைய செடியை வேரோடு களைந்துவிட்டு, நல்லதை மட்டுமே பகிர்ந்தளியுங்கள்.