வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் – 14: ரெக்கார்டு ரூம் ஆட்கள்

தை பிறந்து சம்பா அறுவடை நடக்கும் நாட்களில் டெல்டா மருத்துவமனைகளுக்குப் பாம்புக்கடி கேஸ் வருவது வழக்கம். வரப்பில் எலி வளை. எலியைத் தேடிக் கண்ணாடி விரியன். கடிபட்டவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கிறார்கள். சிறுநீரகம் தப்பிவிட்டது என்று உறுதியானதும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். டாக்டரின் வேலை அதோடு முடிகிறது. இன்னொருவரின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

அவர் எம்.ஆர்.டி.க்காரர். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் டிபார்ட்மென்ட் என்பதைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். பழைய ஆட்களுக்கு அது ரெக்கார்டு ரூம். வார்டிலிருந்து வந்த கேஸ் ஷீட்டைப் பிரித்து, தாள்களை வரிசைப்படுத்தி, கையெழுத்து விட்டுப்போன இடங்களைக் குறித்து, டிஸ்சார்ஜ் சம்மரி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நோய்க்குக் குறியீடு போடுவார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10 முறைப்படி பாம்பு விஷத்துக்கு டி 63.0. அது எப்படி நேர்ந்தது என்பதற்கு எக்ஸ் 20. அதன் பின்னால் ஒரு புள்ளி, ஓர் எண். 0 போட்டால் வீடு. 7 போட்டால் பண்ணை, வயல். 9 போட்டால் இடம் தெரியவில்லை என்று அர்த்தம்.

அந்தக் கடைசி எண்ணை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அறுவடையில் காலில் கடிப்பது பெரும்பாலும் கண்ணாடி விரியன். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை நள்ளிரவில் கடிப்பது கட்டுவிரியன். முன்னதற்கு டார்ச்சும் பூட்ஸும் வேண்டும். பின்னதற்குக் கட்டிலும் கொசுவலையும். ஒரு ஒன்றியத்துக்கு எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்க, 0 எத்தனை, 7 எத்தனை என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். ‘ஸ்நேக் பைட்’ என்று மட்டும் எழுதிய கேஸ் ஷீட்டுக்கு 9 தவிர வேறெதையும் போட முடியாது. விவரம் தெரிந்த எம்.ஆர்.டி.க்காரர் அதை அப்படியே விடமாட்டார். ஹவுஸ் சர்ஜனைப் பிடித்துக் கேட்பார்:

“டாக்டர், எங்க கடிச்சுதுன்னு எழுதலையே?”

“வலது கால்லன்னு எழுதியிருக்கேனே!”

“கால்னு தெரியுது டாக்டர். அந்த ஆள் எங்க இருந்தாருன்னு கேக்குறேன். அறுப்புலயா, வீட்டுலயா?”

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நம் புள்ளிவிவரம் அமைகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வீடு வீடாகப் போய் இறப்புகளை விசாரித்துத் திரட்டிய தகவலை வைத்துப் போட்ட கணக்கு அது. மருத்துவமனைப் பதிவுகள் வழியாக அரசுக்கு வந்துசேர்ந்த எண்ணிக்கை இதில் சிறு பகுதிதான். ஆஸ்பத்திரிக்கு வராமலே இறந்தவர்கள் நிறைய. வந்தும் சரியாகப் பதியப்படாதவர்களும் உண்டு. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. நல்ல முடிவு. ஆனால் தெரிவிப்பதற்கான விவரத்தைக் கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்துத் தர ஆள் வேண்டுமே!

தஞ்சாவூருக்கு இந்த வேலை புதிதல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. நோயாளியின் வரலாறும் செய்த சிகிச்சையும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. கண்ணின் படங்களும் வரையப்பட்டிருக்கின்றன. அறுவை சிகிச்சைகளை மன்னரே செய்தார் என்று நம்பப்படுகிறது. அதை ஆராய்ச்சியாளர்கள் பேசட்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகக் குறிப்பு எழுத வேண்டும் என்று இந்த ஊரில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அதுதான் பெருமை.

இன்றைக்கு வருவோம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் தொடங்கியது. திருவாரூருக்கு 2010இல் கல்லூரி வந்தது, நாகப்பட்டினத்துக்கு 2022இல். மருத்துவக் கல்லூரி என்றால் மருத்துவப் பதிவேட்டுத் துறை இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. படிப்பும் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையிலும் மத்திய அரசு டெக்னீஷியன்களுக்கு ஆறு மாதம், அதிகாரிகளுக்கு ஓராண்டு என்று நெடுங்காலமாகப் பயிற்சி தந்துவருகிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பி.எஸ்சி. பட்டம் உண்டு. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், கிளினிகல் கோடர் வரைக்கும் பெயர் சொல்லி இவர்களைத் தொழில்முறைப் பணியாளர்களாகப் பட்டியலிட்டது.

பட்டியலில் வந்த மரியாதை சம்பளத்தில் இன்னும் வரவில்லை. எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் மெடிக்கல் ரெக்கார்டு டெக்னீஷியனின் அடிப்படைச் சம்பளம் 25,500 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. அதை நம்பிக் குடும்பம் நடத்தலாம். ஆனால் அந்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நம் பக்கத்துச் சிறு தனியார் மருத்துவமனைகளில் பத்தாயிரத்தை ஒட்டிய சம்பளத்தில் தொடங்குவது சாதாரணம். அதுவும் பதிவேட்டு வேலை மட்டும் என்று இருக்காது. காலையில் ஓ.பி. சீட்டு, மதியம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆவணம் அனுப்புவது, மாலையில் பில்லிங் கவுன்டர் என்று ஆள் அலைந்துகொண்டே இருப்பார். உள்நோயாளி பதிவேட்டை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி சொல்கிறது. மூட்டைக்குள்ளிருந்து அந்தக் கோப்பைத் தேடி எடுக்கிறவரும் இதே ஆள்தான்.

அதனால்தான் பிள்ளைகள் திருச்சிக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். அங்கே மெடிக்கல் கோடிங் கம்பெனிகள் இருக்கின்றன. வேலை அமெரிக்க நோயாளிகளின் கோப்பில். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐ.சி.டி. 10க்கு மாறியது. ஏறத்தாழ 14,000 நோய்க் குறியீடுகள் இருந்த இடத்தில் 68,000க்கு மேல் வந்தன. விலங்கியல், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்த நம் பெண்களுக்கும் பையன்களுக்கும் அது பெரிய வாசலாகத் திறந்தது. சம்பவம் நடந்தது கோழிக்கூட்டில் என்றால் ஒய் 92.72, வயலில் என்றால் ஒய் 92.73 என்று அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒரத்தநாட்டுப் பெண் ஒருத்தி அயோவா விவசாயி விழுந்த இடத்தைத் துல்லியமாகக் குறிக்கிறாள். அவளுடைய சொந்தச் சித்தப்பாவைப் பாம்பு கடித்த இடம் 9 என்று பதிவாகிறது. அவள் போனதைத் தப்பு சொல்ல எனக்கு மனம் வராது. இங்கே அவளுக்கு ஒரு நாற்காலி போடாதது நம் தப்பு.

அந்த வாசலும் இப்படியே திறந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. 2023 மே கணக்குப்படி அமெரிக்காவில் இதே வேலைக்கு நடுத்தர ஆண்டு ஊதியம் 48,780 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 40 லட்ச ரூபாய். 2033 வரை இந்த வேலைகள் 9 சதவீதம் கூடும் என்று அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் மதிப்பிட்டது. ஆனால் எக்ஸ்ரே, சாதாரணப் புறநோயாளிச் சீட்டு போன்ற எளிய கோப்புகளுக்கு இப்போது மென்பொருளே குறியீடு போடுகிறது. கடல் தாண்டி வந்ததில் பெரும்பங்கு அந்த மாதிரி வேலைதான். சிக்கலான அறுவை சிகிச்சைக் கோப்புகளைப் படிக்கிறவர்களும் மென்பொருள் போட்டதைச் சரிபார்க்கும் ஆடிட்டர்களும் நிலைப்பார்கள் என்பது என் கணிப்பு. அதற்கு உடற்கூறியல் ஆழமாகத் தெரிய வேண்டும். கோடிங் பயிற்சி மையத்தில் பணம் கட்டும் பெற்றோர், உடற்கூறியல் எத்தனை வாரம் நடத்துகிறார்கள், யார் நடத்துகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

இங்குள்ள வேலை கூடத்தான் போகிறது. காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆவணம் வேண்டும். 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் கொடுத்து, கோப்புகளைக் கணினியில் இணைக்கச் சொல்கிறது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. 11க்கு நாமும் மாறியாக வேண்டும். பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகக் கிறுக்கிய நம் கேஸ் ஷீட்டை அவ்வளவு சுலபமாக மென்பொருளால் படித்துவிட முடியாது. டெல்டாவின் மாவட்டத் தலைமை மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை ஒவ்வொன்றிலும் முறையாகப் படித்த இரண்டு பேராவது, பில்லிங் கவுன்டருக்கு இழுக்கப்படாமல், இந்த வேலைக்கென்றே உட்கார வேண்டும். அதற்கான நிரந்தரப் பணியிடங்களை அரசு உருவாக்கி, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக நிரப்ப வேண்டும். பி.எஸ்சி. முடித்துவிட்டு அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

(தொடரும்)