மழைநீர் மேலாண்மைக் கட்டணம்

மழைநீர் மேலாண்மைக் கட்டணம் என்பது, ஒரு மனையிலிருந்து பொது வடிகாலுக்கு வழிந்தோடும் மழைநீரைக் கையாளும் செலவுக்காக, அம்மனையின் உரிமையாளரிடம் உள்ளாட்சி அமைப்பு வசூலிக்கும் கட்டணம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1970களில் போல்டர் (கொலராடோ), பெல்வியூ (வாசிங்டன் மாநிலம்) ஆகிய நகரங்கள் இதற்கு முன்னோடிகளாக இருந்தன. இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளில் இது நடைமுறையில் உள்ளது.

தேவை

மண்ணில் விழும் மழையின் ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கும். கூரை, கான்கிரீட் தளம், தார் போட்ட வாகன நிறுத்துமிடம் போன்ற நீர் ஊடுருவாப் பரப்புகளில் விழும் மழை ஏறத்தாழ முழுவதும் வழிந்தோடிவிடும். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் சேரும். தரையில் ஓடும் மழைநீர் எண்ணெய், குப்பை, உரம் ஆகியவற்றை அடித்துச் சென்று ஆறுகளில் சேர்க்கிறது. கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் செல்லும் பழைய நகரங்களில், பெருமழையின்போது சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் ஆற்றில் கலக்கிறது.

1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் 1987இல் திருத்தப்பட்டபின், நகர மழைநீர் வடிகால்களும் மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி முறைக்குள் வந்தன. அதற்கான செலவின் பெரும்பகுதி உள்ளாட்சிகளின் மேல் விழுந்தது.

கணக்கிடும் முறை

செலவை எதன் அடிப்படையில் பங்கிடுவது என்பதே இதன் மையக் கேள்வி. சொத்து வரி சொத்தின் மதிப்பைப் பார்க்கிறது. வழியும் நீரின் அளவைப் பார்ப்பதில்லை. வரிவிலக்குப் பெற்ற தேவாலயங்களும் பள்ளிகளும் அதில் பங்களிப்பதில்லை. குடிநீர் மீட்டரை அடிப்படையாகக் கொண்டால், குழாய் இணைப்பே இல்லாத வாகன நிறுத்துமிடம் எதுவும் செலுத்தாது.

எனவே பல நகரங்கள் நீர் ஊடுருவாப் பரப்பை வான்வழிப் படங்களைக் கொண்டு அளக்கின்றன. ஒரு சராசரி வீட்டின் பரப்பு ஓர் அலகாகக் கொள்ளப்படுகிறது. ஆண்டுச் செலவை நகரின் மொத்த அலகுகளால் வகுத்தால் ஓர் அலகுக்கான கட்டணம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஓர் அலகு 2,500 சதுர அடி, மாதக் கட்டணம் 6 டாலர் எனக் கொண்டால், 1,00,000 சதுர அடி கொண்ட வணிக வளாகம் 40 அலகுகளுக்கு 240 டாலர் செலுத்தும். நிர்வாக எளிமைக்காக வீடுகளுக்கு ஒரே நிலையான கட்டணம் விதிப்பது வழக்கம்.

பிலடெல்பியா

பிலடெல்பியா நகரம் முன்பு குடிநீர் மீட்டரின் அளவை வைத்தே இக்கட்டணத்தை வசூலித்தது. 2010 முதல், குடியிருப்பு அல்லாத சொத்துகளுக்கு மனைப் பரப்பையும் நீர் ஊடுருவாப் பரப்பையும் அடிப்படையாகக் கொள்ளும் முறைக்குப் படிப்படியாக மாறியது. சிறு மனையில் உயர்ந்து நின்று அதிக நீர் பயன்படுத்தும் கட்டடங்களுக்குக் கட்டணம் குறைந்தது. பரந்த தளங்கள் கொண்ட கிடங்குகளுக்கும் வாகன நிறுத்துமிடங்களுக்கும் உயர்ந்தது. மழைத் தோட்டம், பசுமைக் கூரை போன்றவற்றால் நீரைத் தம் மனையிலேயே தேக்குவோருக்குக் கட்டணக் குறைப்பு வழங்கப்படுகிறது.

கட்டணமா, வரியா?

மிச்சிகன் மாநிலத்தில் புதிய உள்ளூர் வரிக்கு வாக்காளர் ஒப்புதல் தேவை. லான்சிங் நகரம் விதித்த மழைநீர்க் கட்டணம் உண்மையில் வரியே எனக் கூறி, அம்மாநில உச்ச நீதிமன்றம் 1998இல் அதைச் செல்லாததாக்கியது. கூட்டாட்சி அரசின் கட்டடங்களும் நியாயமான மழைநீர்க் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என 2011 சனவரியில் கையெழுத்தான சட்டம் தெளிவுபடுத்தியது.

எதிர்ப்பு

செசபீக் விரிகுடாவின் மாசைக் குறைக்க, மேரிலாந்து மாநிலம் 2012இல் இயற்றிய சட்டம் பால்டிமோர் நகரமும் ஒன்பது கவுண்டிகளும் இக்கட்டணத்தை விதிக்கக் கோரியது. எதிர்ப்பாளர்கள் இதை 'மழை வரி' என்றனர். பிரெடரிக் கவுண்டி ஒரு சொத்துக்கு ஆண்டுக்கு 1 சென்ட் மட்டும் விதித்தது. 2014 ஆளுநர் தேர்தலில் இது முக்கியப் பிரச்சினைகளுள் ஒன்றாகி, 2015இல் கட்டாயம் நீக்கப்பட்டது. ஆனால் நீரைத் தூய்மைப்படுத்தும் கடமை நீங்கவில்லை. கட்டணம் விதிக்காத கவுண்டிகள் அப்பணத்தை வேறு வருவாயிலிருந்து ஒதுக்க வேண்டியிருந்தது.