ருமேனியக் கலைஞர் மூவர்: மறுப்பும் மீட்சியும்

முன்னுரை

ஒரு நாட்டின் கலை வரலாற்றை, அந்நாட்டினர் போற்றிய படைப்புகளைக் கொண்டு மட்டும் எழுதிவிட இயலாது. அவர்கள் ஏற்க மறுத்த படைப்புகளையும் உடன்வைத்து எண்ணும்போதுதான் அவ்வரலாறு முழுமை பெறும். புதிய கலை தோன்றும் இடமெல்லாம் மறுப்பும் தோன்றுவது இயல்பே. ஆயினும், மறுக்கப்பட்ட கலைஞன் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்க ஓர் அவை இருந்ததா என்னும் வினா மிக இன்றியமையாதது. இவ்வினாவை முன்வைத்து, ருமேனிய நாட்டுக் கலைஞர் மூவரின் வாழ்வையும் பணியையும் இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம். அவர்கள், சிற்பி கான்ஸ்டன்டீன் பிரன்கூசி, நாடக, திரைப்பட இயக்குநர்களான லிவியு சூலே, லூசியான் பின்ட்டிலியே ஆகியோராவர்.

நாடும் காலமும்

ஐரோப்பாவின் தென்கிழக்கில், தன்யூப் ஆறு கருங்கடலில் கலக்கும் நிலப்பகுதியில் அமைந்த நாடு ருமேனியா. அதன் தலைநகர் புக்காரெஸ்ட். அண்டை நாட்டார் பலர் ஸ்லாவிய மொழிகளைப் பேச, ருமேனியர் மட்டும் இலத்தீன் வழிவந்த மொழியைப் பேசுகின்றனர். அதனால் அந்நாட்டுக் கலைஞரும் அறிஞரும் நெடுங்காலமாகப் பாரிசு நகரை நோக்கியே தம் பார்வையைச் செலுத்தி வந்தனர்.

1947-ஆம் ஆண்டின் இறுதியில் மன்னராட்சி நீங்கிப் பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சி அங்கு முழுமையாக நிலைபெற்றது. 1965-இல் கட்சித் தலைமையை ஏற்ற நிக்கொலாயி சௌசெஸ்கு, 1989 டிசம்பர் எழுச்சியில் வீழும்வரை அதிகாரம் செலுத்தினார். அக்காலத்தில் நாடக அரங்கும் திரைப்படக் கூடமும் அச்சகமும் அரசின் உடைமையாகவே இருந்தன. கலைஞனுக்குப் பொருள் தந்தது அரசு. தடை விதித்ததும் அதே அரசு. இவ்விரண்டையும் நாம் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

உளி ஏந்திய சிற்றூர்ச் சிறுவன்

பிரன்கூசி 1876 பிப்ரவரி 19-ஆம் நாள், ஓல்டேனியப் பகுதியைச் சார்ந்த ஹோபித்சா என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தார். கதவு, தூண், கரண்டி என வீட்டிற்கு வேண்டிய யாவற்றையும் மரத்தில் செதுக்கிக்கொள்ளும் மக்கள் வாழ்ந்த ஊர் அது. இளமையிலேயே ஊரை விட்டு வெளியேறிய அவர், கிராயோவா நகரில் பணியாளாக உழைத்தார். கிடைத்த மரத்துண்டுகளைக் கொண்டு அவர் ஒரு வயலின் செய்ததாகவும், அதைக் கண்டு வியந்தவர்கள் அவரைக் கைத்தொழிற்பள்ளியில் சேர்த்ததாகவும் கூறுவர். பின்னர்ப் புக்காரெஸ்ட் நுண்கலைப் பள்ளியில் பயின்றார்.

அங்கே அவர் மருத்துவப் பேராசிரியர் ஜெரோட்டாவின் துணையுடன், தோல் நீக்கிய மனித உடலின் தசையமைப்பைக் காட்டும் உருவம் ஒன்றைச் செய்தார். உடற்கூற்றியல் பாடத்திற்குப் பயன்படும் அளவிற்கு அது நுட்பமாக அமைந்தது. உள்ளதை உள்ளவாறே வடிக்கத் தெரியாதவர் என்று அவரைப் பிற்காலத்தில் பழித்தவர்களுக்கு இவ்வொன்றே தக்க விடையாகும். இயற்கையை அப்படியே வடிக்கும் ஆற்றல் கைவந்த பின்னரே, அதைக் கடந்து செல்ல அவர் துணிந்தார்.

1904-இல், வழியின் பெரும்பகுதியைக் கால்நடையாகவே கடந்து அவர் பாரிசை அடைந்தார் என்பர். 1907-இல் புகழ்பெற்ற சிற்பி ரோதேனின் பட்டறையில் சில வாரங்களே பணியாற்றி விலகினார். பெருமரத்தின் நிழலில் சிறுசெடி வளராது என்பது அவர் கூறிய காரணமாகச் சொல்லப்படுகிறது. களிமண்ணில் உருவமைத்துப் பிறர் கையால் கல்லில் படியெடுக்கச் செய்யும் அந்நாளைய வழக்கத்தைக் கைவிட்டு, கல்லையும் மரத்தையும் தம் கையாலேயே நேரடியாகச் செதுக்கலானார். 'முத்தம்', 'உறங்கும் கலைமகள்' முதலிய படைப்புகள் இவ்வாறு பிறந்தன.

வழக்காடு மன்றத்தில் ஒரு பறவை

பிரன்கூசியின் படைப்புகளுள் உலகறிந்தது 'வெளியில் பறவை' என்னும் வரிசை. அதில் சிறகில்லை, அலகில்லை, கால்களுமில்லை. மெலிந்து நீண்டு மேனோக்கி எழும் மெருகேற்றிய வெண்கலத்தையோ பளிங்கையோ மட்டுமே காண்கிறோம். பறவையை விடுத்து, அதன் பறத்தலை வடிக்க முயன்றார் சிற்பி.

1926-இல் இவ்வரிசையைச் சேர்ந்த வெண்கலச் சிற்பம் ஒன்று கப்பல் வழியாக நியூயார்க்கைச் சென்றடைந்தது. கலைப்பொருளுக்கு அந்நாட்டில் சுங்கவரி இல்லை. ஆனால், இது சிற்பமே அன்று என்று கருதிய சுங்க அலுவலர்கள், சமையற்கூடச் சாமான்களும் மருத்துவமனைக் கருவிகளும் அடங்கும் உலோகப் பொருள் வகையில் அதனைச் சேர்த்து, நூற்றுக்கு நாற்பது விழுக்காடு வரி விதித்தனர். செய்தி வழக்காக மாறியது. சிற்பிகளும் திறனாய்வாளரும் கூண்டேறிச் சான்று பகர்ந்தனர். பறவையைப் போல் தோன்றாத ஒன்றைப் பறவை என அழைப்பது எங்ஙனம் என்று எதிர்த்தரப்பினர் வினவினர். இயற்கைப் பொருளைப் பார்த்துச் செய்வதை விடுத்துக் கருத்தை உருவாக்க முயலும் புதிய கலைநெறி ஒன்று தோன்றியுள்ளதை ஏற்று, 1928 நவம்பரில் மன்றம் சிற்பியின் பக்கம் தீர்ப்பளித்தது.

அமெரிக்க அலுவலரும் பிரன்கூசியை மறுக்கத்தான் செய்தனர். ஆனால் அம்மறுப்பை எதிர்த்து வாதிட அங்கு ஒரு மன்றம் இருந்தது. இரு தரப்பையும் கேட்டபின் தீர்ப்பு மாறியது. இதனை நாம் கருத்திற்கொண்டு மேலே செல்வோம்.

தாய்மண்ணில் எழுந்த தூண்

முதல் உலகப் போரில், 1916-ஆம் ஆண்டு, தர்கு ஜியு நகரைக் காத்து உயிர்நீத்த வீரர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப அப்பகுதி மகளிர் அமைப்பொன்று முன்வந்தது. முதலில் அப்பணி மிலித்சா பெத்ராஷ்கு என்னும் பெண் சிற்பியை நாடிச் சென்றது. பிரன்கூசியிடம் பயின்ற அவர், இதற்குத் தகுதியுடையவர் தம் ஆசிரியரே என்று சுட்டிக்காட்டினார். தனக்கு வந்த வாய்ப்பைத் தன் ஆசிரியருக்கு உரியதெனக் கண்ட மாணவியின் பண்பு போற்றற்குரியது.

பிரன்கூசி ஊதியம் பெறாமலே அப்பணியை ஏற்றார். 1938 அக்டோபரில் அது நிறைவெய்தியது. ஆற்றங்கரையில் பன்னிரண்டு கல்லிருக்கைகள் சூழ்ந்த வட்டமான 'மௌன மேசை'. பூங்காவின் வாயிலில் 'முத்த வாயில்'. நகரின் மறுபுறத்தில் 'முடிவிலாத் தூண்' என மூன்றும் ஒரே நேர்வரிசையில் அமைந்தன. வார்ப்பிரும்பாலான அத்தூண் 29 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. ஒரே வடிவம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, உச்சியில் அரை வடிவத்தோடு நிற்கிறது. முடிவுபெறாத அவ்வரைப்பகுதியே, இன்னும் மேலே செல்லும் என்னும் உணர்வை நமக்குத் தருகிறது. சிற்பியின் பிறந்த ஊரைச் சுற்றிலும் உள்ள வீடுகளின் மரத்தூண்களை இதன் மூலமாகக் கருதுவாருளர்.

அவ்வாண்டிற்குச் சற்று முன்னர் அவர் நம் நாட்டிற்கும் வந்துசென்றார். இந்தூர் மன்னர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் அவருடைய பறவைச் சிற்பங்கள் மூன்றை வாங்கியதோடு, அவற்றை வைப்பதற்குத் தியான மண்டபம் ஒன்றையும் எழுப்ப விழைந்தார். அதன்பொருட்டுச் சிற்பி இந்தூர் வந்தார். எனினும் மண்டபம் எழவில்லை. அச்சிற்பங்களுள் பளிங்குப் பறவைகள் இரண்டு பின்னர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தைச் சென்றடைந்தன.

போருக்குப் பின் வந்த ஆட்சி, உழைக்கும் மக்களை உள்ளவாறே காட்டும் கலை மட்டுமே நாட்டிற்கு வேண்டும் என்றது. 1951-இல் ருமேனிய அறிவுக்கழகக் கூட்டத்தில் பிரன்கூசியின் கலை கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. தம் பட்டறையைத் தாயகத்திற்கே அளிக்க அவர் விரும்பியதாகவும், அது ஏற்கப்படவில்லை என்றும் கூறுவர். தூணை இழுத்து வீழ்த்த 1950-களில் ஒரு முயற்சி நடந்ததென்றும் அது அசைந்து கொடுக்கவில்லை என்றும் அவ்வூரார் சொல்வதுண்டு. 1952-இல் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். பட்டறையை அவ்வாறே பேண வேண்டும் என்னும் கட்டளையுடன் அதைப் பிரெஞ்சு அரசிற்கு எழுதிவைத்து, 1957 மார்ச் 16-ஆம் நாள் பாரிசில் மறைந்தார். தர்கு ஜியுவின் நினைவுச் சின்னங்கள் 2024 சூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அம்முடிவை எடுத்த குழு கூடியது நம் புதுதில்லியில் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

கட்டடக் கலைஞரான இயக்குநர்

1923-இல் பிறந்த லிவியு சூலே, கட்டடக் கலையும் நடிப்பும் பயின்றவர். அரங்க அமைப்பாளர், நடிகர், இயக்குநர் எனப் பல பணிகளையும் ஒருவரே ஆற்றினார். அவருடைய 'தூக்கிலிடப்பட்டோர் வனம்' என்னும் திரைப்படம், லிவியு ரெப்ரேயானு 1922-இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவியது. முதல் உலகப் போரில் ஆஸ்திரிய-அங்கேரியப் படையில் அதிகாரியாகப் பணிபுரியும் ருமேனிய இளைஞன் ஒருவன், தப்பியோட முயன்ற செக் நாட்டவன் ஒருவனைத் தூக்கிலிடத் தீர்ப்பு வழங்குகிறான். பின்னர்த் தன் இனத்தாருக்கு எதிராகவே போரிட அனுப்பப்படும்போது, அவன் உள்ளம் அவனையே கூண்டில் ஏற்றுகிறது. கடமை என்று தான் எண்ணியதன் பொருளை உணர்ந்து, அவனும் தூக்குமரத்தை அடைகிறான். புதின ஆசிரியரின் உடன்பிறந்தாரே 1917-இல் அவ்வாறு தூக்கிலிடப்பட்டவர். இப்படத்திற்காகச் சூலே 1965-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான பரிசைப் பெற்றார். இப்படமும் அரசின் பொருளால் உருவானதே என்பதையும் நாம் மறத்தலாகாது.

1963 முதல் புக்காரெஸ்டின் புலாந்திரா நாடக அரங்கிற்குச் சூலே தலைமை தாங்கினார். இளம் இயக்குநர் பலருக்கு அவ்வரங்கில் அவர் இடமளித்தார். அவர்களுள் ஒருவரே பின்ட்டிலியே.

திரும்ப நடித்துக் காட்டச் சொன்ன கதை

1933-இல் பிறந்த லூசியான் பின்ட்டிலியே 1968-இல் இயக்கிய படம் 'மீள்நடிப்பு'. மது மயக்கத்தில் கைகலந்த இளைஞர் இருவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு மாறாக, மதுவின் தீமையை விளக்கும் கல்விப் படத்திற்காக அச்சண்டையை மீண்டும் நடிக்கச் சொல்கின்றனர் அதிகாரிகள். அரசு வழக்கறிஞர் வெயிலில் ஓய்ந்திருக்கிறார், காவலர் ஏவுகிறார். அடி உண்மையாகத் தோன்றவில்லை, இன்னும் ஓங்கி அடி என்று வற்புறுத்த, ஓர் இளைஞன் உண்மையாகவே உயிரிழக்கிறான். கொடியவர் என்று எவரையும் படம் சுட்டவில்லை. பிறர் உயிரைப் பொருட்படுத்தாத அதிகாரத்தின் சோம்பலே கொலையாளியாக நிற்கிறது. 1970-இல் திரைக்கு வந்த அப்படம், சில வாரங்களிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது.

1971-இல் சீனாவிற்கும் வடகொரியாவிற்கும் சென்று திரும்பிய சௌசெஸ்கு, கலையும் கல்வியும் கட்சியின் கொள்கைக்குக் கட்டுப்பட வேண்டும் என அறிவித்தார். மறு ஆண்டு புலாந்திரா அரங்கில் பின்ட்டிலியே மேடையேற்றிய கோகொலின் 'அரசாங்க ஆய்வாளர்' நாடகம், மூன்றாம் காட்சியோடு தடுக்கப்பட்டது. அதற்கு இடமளித்த சூலே தலைமைப் பொறுப்பை இழந்தார். இங்கே வழக்கில்லை, சான்றில்லை, எதிருரைக்க அவையுமில்லை. நியூயார்க்கில் ஒரு வெண்கலப் பறவைக்குக் கிடைத்த வாய்ப்பு, புக்காரெஸ்டில் இரு மனிதருக்குக் கிட்டவில்லை.

இருவரும் அயல்நாட்டு மேடைகளை நாடினர். சூலே 1980 முதல் 1985 வரை அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலுள்ள குத்ரி அரங்கின் கலை இயக்குநராக விளங்கினார். பின்ட்டிலியேயை அங்கும் அழைத்து நாடகம் இயக்கச் செய்தார். எவருடைய நாடகத்தால் தம் பதவி பறிபோயிற்றோ, அவருக்கே மீண்டும் மேடையளித்த அந்நட்பு நினைந்து போற்றத்தக்கது.

1968-இல் எடுத்த 'மீள்நடிப்பு'க்கும் 1992-இல் வந்த 'தராசு'க்கும் இடையே 24 ஆண்டுகள். அவ்விடைவெளியில் பின்ட்டிலியே தாயகத்தில் முடித்த திரைப்படம் ஒன்றே. 1981-இல் முடிந்த அதுவும் சௌசெஸ்கு வீழ்ந்த பின்னரே மக்கள் பார்வைக்கு வந்தது. நாடு திரும்பிய பின் அவர் பல படங்களை இயக்கினார். 1998-இல் வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும் பெற்றார். 'மீள்நடிப்பு' ருமேனியத் திரைப்படங்களுள் தலையாயதெனத் திறனாய்வாளரால் பின்னர்த் தேர்ந்தெடுக்கப்பட்டது. சூலே 2011-இலும் பின்ட்டிலியே 2018-இலும் மறைந்தனர்.

அடுத்து வந்தோர்

புத்தாயிரம் ஆண்டிற்குப் பின் எழுந்த தலைமுறை, பின்ட்டிலியேயைத் தம் முன்னோடியாகக் கண்டது. கிறிஸ்டி புயு, பின்ட்டிலியேயின் 2003-ஆம் ஆண்டுப் படமொன்றிற்குத் திரைக்கதை எழுதியவர்களுள் ஒருவர். நோயுற்ற முதியவர் ஒருவர் ஓரிரவு முழுதும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைக்கப்படுவதைக் காட்டும் அவருடைய 'திரு. லசரெஸ்குவின் மரணம்' 2005-இல் கான் விழாவில் பரிசு பெற்றது. 1989 எழுச்சியில் தம் ஊரார் உண்மையாகவே பங்கேற்றனரா என்று வினவும் படத்திற்காகக் கொர்னெலியு பொரும்போயு 2006-இலும், சௌசெஸ்கு காலத்துக் கடுஞ்சட்டத்தின்கீழ் இரு மாணவியர் பட்ட துயரைக் காட்டும் படத்திற்காகக் கிறிஸ்தியன் முஞ்சியு 2007-இலும் அங்கேயே பரிசு பெற்றனர். முஞ்சியு பெற்றது அவ்விழாவின் முதற்பரிசாகிய தங்கப்பனை. தம் சமுதாயத்தைத் தாமே கேள்விக்குள்ளாக்கும் துணிவு இப்படங்கள் அனைத்திற்கும் பொதுவானது.

நிறைவாக

மறுக்கப்பட்ட கலை இறுதியில் வென்றே தீரும் என்று கூறி மனநிறைவு கொள்வது எளிது. தூண் நிற்கிறது, படமும் திரைக்கு மீண்டது. ஆனால், பின்ட்டிலியே இழந்த ஆண்டுகள் மீளவில்லை. அவ்வாண்டுகளில் அவர் எடுத்திருக்கக்கூடிய படங்களை எவரும் காணப்போவதில்லை. பிரன்கூசியின் பட்டறையும் அவர் பிறந்த மண்ணிற்குத் திரும்பவில்லை. இழப்பு கலைஞனுக்கு மட்டும் உரியதன்று, நாட்டிற்கும் உரியது.

ஒரு படைப்பை ஏற்காதிருக்க எவருக்கும் உரிமை உண்டு. மறுப்போர் காரணம் கூற வேண்டும்; மறுக்கப்பட்டோர் விடை கூற இடம் வேண்டும். கற்பிப்போரும் கற்போரும் கூடும் கல்லூரி அத்தகைய அவையாக விளங்கத் தக்கது. ஆசிரியரின் தகுதியைச் சுட்டிக்காட்டிய பெத்ராஷ்குவும், இழந்த பதவியைப் பொருட்படுத்தாது நண்பருக்கு மேடையளித்த சூலேயும் இவ்வழியில் நமக்கு முன்னோடிகளாவர்.