பல்கலைக்கழகத்தில் சேருமுன் விசாரியுங்கள்!

மாடு வாங்கப் போகிறவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். நிலம் வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். பெண் கொடுப்பவர் நாலு பேரிடம் விசாரிக்கிறார்.

ஆனால், பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும்போது மட்டும் பலர் எதையும் பார்ப்பதில்லை. விளம்பரத்தைப் பார்க்கிறார்கள். பெரிய கட்டிடத்தைப் பார்க்கிறார்கள். பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

"எங்கள் பேராசிரியர்கள் 5 ஆயிரம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி இருக்கிறார்கள்", "நாங்கள் 300 கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை கேட்டு இருக்கிறோம்" என்று சில விளம்பரங்கள் சொல்கின்றன. அது உண்மையாக இருக்கலாம். உண்மையாக இருந்தாலும் அதற்கு மதிப்பு இல்லாமல் போகலாம்!

அது எப்படி?

ஒரே அறையில் பல்கலைக்கழகம்!

முதலில் ஒரு பழைய வழக்கு.

சத்தீஷ்கார் மாநிலத்தில் 2002-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதன்படி, அரசாங்கம் கெசட்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டால் போதும், தனியார் பல்கலைக்கழகம் பிறந்துவிடும். கொஞ்ச காலத்திலேயே 112 பல்கலைக்கழகங்கள் பிறந்துவிட்டன. பலவற்றுக்குக் கட்டிடமே கிடையாது. ஒரே அறையில் நடந்தவையும் உண்டு!

யஷ்பால் என்ற விஞ்ஞானி இதைப் பார்த்துக் கொதித்தார். அவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்தவர். சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று கோர்ட்டு கூறிவிட்டது. பல்கலைக்கழகங்கள் மறைந்தன.

பணம் கட்டிய மாணவர்கள் கதி? அவர்களைக் காப்பாற்ற, அந்த மாநிலத்தில் ஏற்கனவே இருந்த அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழிசெய்யும்படி கோர்ட்டு சொல்லவேண்டி வந்தது.

பட்டம் கொடுக்க யாருக்கு உரிமை?

1956-ம் ஆண்டின் மானியக் குழுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பார்லிமெண்டு அல்லது சட்டசபை இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கலாம். மத்திய அரசு "நிகர்நிலை" என்று அறிவித்த நிறுவனம் கொடுக்கலாம். பார்லிமெண்டு தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமும் கொடுக்கலாம். வேறு யாரும் கொடுக்க முடியாது.

மீறினால் அந்தச் சட்டத்தில் என்ன அபராதம் தெரியுமா? அதிகம் போனால் ஆயிரம் ரூபாய்! ஏமாற்றுகிறவனுக்கு அது ஒரு பொருட்டா?

ஆகவே, நம்மை நாமேதான் காத்துக்கொள்ள வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. முதலில் அதைப் பாருங்கள்.

கல்பாசியில் புற்றுநோய் மருந்து

அடுத்தது, ஆராய்ச்சிக் கட்டுரை.

ஒருவர் எழுதும் கட்டுரையை, அந்தத் துறை தெரிந்த வேறு சிலர் படித்துத் தவறு பார்ப்பார்கள். அதன் பிறகே அது அச்சாகும். நல்ல பத்திரிகைகளின் வழக்கம் இது. ஆனால், பணம் கொடுத்தால் எதையும் அச்சிடும் பத்திரிகைகளும் இருக்கின்றன.

அமெரிக்காவில் ஜான் போகனன் என்ற நிருபர் இதைச் சோதித்துப் பார்த்தார். கல்பாசி இனத்தில் இருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோயைத் தடுக்கிறது என்று பொய்யாக ஒரு கட்டுரை எழுதினார். வேண்டுமென்றே பெரிய தவறுகளை அதில் வைத்தார். எழுதியவர் பெயரும் கற்பனை. அவர் வேலை செய்யும் நிறுவனமும் கற்பனை!

அதை 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டன. 98 மட்டுமே மறுத்தன. இந்தியாவில் இருந்து வரும் பத்திரிகைகளில் 64 ஏற்றுக்கொண்டன, 15-தான் மறுத்தன. 2013-ம் ஆண்டு "சயின்ஸ்" பத்திரிகையில் இந்த விவரம் வெளிவந்தது.

இப்போது புரிகிறதா? எத்தனை கட்டுரை என்பது பெரிதல்ல. எந்தப் பத்திரிகையில் வந்தது என்பதே பெரிது.

தவறோ மோசடியோ தெரியவந்தால், அச்சான கட்டுரையையும் பத்திரிகை திரும்பப் பெற்றுவிடும். கல்வி நிறுவனங்களை மத்திய அரசு தரவரிசைப்படுத்துகிறது. முதல் பட்டியல் 2016-ல் வந்தது. திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் முறை 2025-ல் வந்தது. அந்த வரிசைக்கான விவரங்களில் பெரும்பகுதியை நிறுவனங்களே கொடுக்கின்றன என்பதையும் மறக்கவேண்டாம்.

காப்புரிமை கேட்பது வேறு, கிடைப்பது வேறு

கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டு யாரும் மனுப் போடலாம். மனு கொடுத்து 18 மாதத்தில், வழக்கமாக அது அரசாங்க ஏட்டில் வெளியாகும். அதிகாரிகள் ஆராய்ந்து பார்த்த பிறகே காப்புரிமை கிடைக்கும், அல்லது மறுக்கப்படும்.

எனவே, "மனு எத்தனை?" என்று கேட்காதீர்கள். "கையில் கிடைத்தது எத்தனை?" என்று கேளுங்கள்.

ஒரே வருடத்தில் டாக்டர் பட்டமா?

ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்க விரும்புகிறவர்கள் 2022-ம் ஆண்டு விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறைந்தது 3 ஆண்டு படிக்கவேண்டும். தபால் வழியிலோ, ஆன்லைனிலோ இந்தப் பட்டம் கிடையாது. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்குத்தான் வழிகாட்டலாம். இணைப் பேராசிரியர் 6 பேருக்கு. உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு.

"ஒரு வருடத்தில் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

டாக்டர் பட்ட விதிகளைக் கடைப்பிடிக்கவில்லை என்பதற்காக, ராஜஸ்தானில் உள்ள 3 தனியார் பல்கலைக்கழகங்களுக்கு மானியக் குழு 2025 ஜனவரியில் தடை போட்டது. 5 ஆண்டுகளுக்கு அவை டாக்டர் பட்டப் படிப்பில் ஆள் சேர்க்கக்கூடாது!

என்ன கேட்கவேண்டும்?

* எந்தச் சட்டத்தின்படி பட்டம் கொடுக்கிறீர்கள்?

* பிள்ளை சேரப்போகும் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்?

* ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்க்கலாமா? (கருவி இருந்தால் போதாது. அதில் மாணவர்கள் வேலை செய்கிறார்களா என்று பாருங்கள்.)

* இங்கே டாக்டர் பட்டம் வாங்கியவர்களின் ஆராய்ச்சி நூல்கள் எங்கே? ("சோத்கங்கா" என்ற இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சி நூல்களை இலவசமாகப் படிக்கலாம்.)

ஆங்கிலம் தெரியாத பெற்றோர் இதற்காகத் தயங்கவேண்டாம். ஊரில் உள்ள ஆசிரியரிடமோ, நூலகரிடமோ சொன்னால் இணையதளத்தைப் பார்த்துச் சொல்வார். அங்கே படித்து முடித்த பிள்ளைகளையும் தேடிப்பிடித்துக் கேளுங்கள்.

தனியார் பல்கலைக்கழகம் எல்லாமே மோசம் என்று சொல்வதற்கு இல்லை. நல்ல முறையில் ஆராய்ச்சி நடத்துபவையும் உண்டு. நல்ல இடத்துக்குக் கேள்வியைக் கண்டு பயம் இல்லை. கேட்டதும் ஏட்டை எடுத்துக் காட்டுவார்கள்.

தாயின் நகை அடகுக்குப் போகிறது; தகப்பனின் நிலம் விலைக்குப் போகிறது. அந்தப் பணம் திரும்ப வந்தாலும், பிள்ளையின் 3 வருடம் திரும்ப வராது. பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்!