முதல் பாங்கும் கேளாச் செவியும்

குழந்தை பிறந்ததும் அதன் வலச் செவியில் பாங்கும் இடச் செவியில் இகாமத்தும் சொல்வது நம்மிடையே தொன்றுதொட்டு நிலவிவரும் வழக்கம். உலகிற்கு வந்த உயிரின் செவியில் முதலில் விழும் சொல் இறைவனின் பெருமையாக இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலை ஒன்றில் இரவுப் பணி முடித்து வந்த தந்தை, தம் மகவை ஏந்திப் பாங்கு சொல்கிறார் என்று கொள்வோம். சொல்பவரின் செவி பல்லாண்டு இரைச்சலில் தேய்ந்துகொண்டிருக்கலாம். கேட்கும் மகவின் செவி பிறவியிலேயே அடைபட்டிருக்கலாம். இரண்டும் கண்ணுக்குப் புலப்படாத குறைகள். இரண்டிலும் காலதாமதமே பெருங்கேடு.

திருக்குர்ஆன் இறைவனின் அருட்கொடைகளைப் பேசும் இடங்களில் பெரும்பாலும் செவியைப் பார்வைக்கு முன் வைக்கிறது என்பதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். கருவிலிருக்கும் சிசு ஏறத்தாழ ஆறாம் மாதத்திலேயே ஒலிக்கு அசையத் தொடங்குகிறது என்று இன்றைய மருத்துவமும் கூறுகிறது. ஆயினும் உலக அளவில் ஆயிரம் குழந்தைகளுள் ஒன்று முதல் மூன்று வரை நிலையான செவிக்குறையுடன் பிறக்கின்றன.

செவி செயற்படும் விதத்தை முதலில் அறிவோம். ஒலியலை செவிப்பறையை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வை மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் காக்ளியா என்னும் உறுப்பில் சுமார் 15,000 மயிரணுக்கள் உள்ளன. அதிர்வை மின்துடிப்பாக மாற்றி நரம்பிடம் ஒப்படைப்பவை இவையே. மனிதரிடத்தில் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை.

காது கேட்கும் கருவி ஒலியைப் பெருக்கித் தருகிறது. எனவே மயிரணுக்கள் ஓரளவேனும் எஞ்சியிருப்போர்க்கே அது பயன்படும். காக்ளியர் இம்பிளான்ட் எனப்படும் உள்வைப்புக் கருவியோ அவ்வணுக்களைக் கடந்தே செல்கிறது. செவியின் பின்புறம் அணியும் ஒலிச்செயலி ஒலியைப் பகுத்துக் குறிகளாக்குகிறது. தோலுக்கடியில் பதித்த ஏற்பி அக்குறிகளை வாங்கி, காக்ளியாவுக்குள் செருகிய மெல்லிய மின்முனைகளின் வழியே நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. 1957இல் பாரிசில் ஜூர்னோ, ஐரியே ஆகிய இருவரும் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் காட்டினர். 1961இல் லாஸ் ஏஞ்சலீசில் வில்லியம் ஹவுஸ் நோயாளிகளுக்குக் கருவியைப் பொருத்திப் பார்த்தார். 1977இல் வியன்னாவில் ஹாக்மயர் தம்பதியரின் கருவியும், 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க்கின் கருவியும் பல மின்முனைகளுடன் வந்தன. 1990இல் அமெரிக்க அரசு குழந்தைகளுக்கும் இதைப் பொருத்த இசைவளித்தது.

கருவி நரம்பைத் தூண்டலாம். அத்துடிப்பைச் சொல்லாக விளங்கிக்கொள்வது மூளையின் வேலை. பிறந்த முதல் சில ஆண்டுகளில் ஒலியே சேராவிடில், மொழிக்குரிய மூளைப் பகுதி அத்திறனைப் படிப்படியாக இழக்கிறது. இதனாலேயே வல்லுநர்கள் ஒரு கணக்கு வகுத்துள்ளனர்: ஒரு மாதத்திற்குள் முதற்சோதனை, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சையைத் தொடங்குதல். முதலில் கேட்கும் கருவி. அது போதாதெனில் அறுவை சிகிச்சை. முதற்சோதனை எளியது. செவிக்குள் மெல்லொலியைச் செலுத்தி, உட்செவி திருப்பியனுப்பும் நுண்ணொலியை அளக்கின்றனர். குழந்தை உறங்கும்போதே சில நிமிடங்களில் வலியின்றி முடிந்துவிடும். நம் இல்லங்களிலோ, "கதவு சாத்தினால் திரும்பிப் பார்க்கிறானே", "இவன் வாப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்ற பேச்சிலேயே ஆண்டுகள் கழிகின்றன. கதவின் அதிர்வை உடலும் உணரும் என்பதை மறந்துவிடுகிறோம்.

வசதியின்மை இனியும் முழுக் காரணமாகாது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம் பிறவிச் செவிக்குறையையும் சோதனைப் பட்டியலில் சேர்த்தது. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்திலும் 2014 முதல் இதற்கு இடமுண்டு. அலிகர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் மகாராட்டிர ஆளுநராகவும் விளங்கிய அலி யாவர் ஜங்கின் பெயரால் 1983இல் மும்பையில் நிறுவப்பட்ட தேசிய நிறுவனமே அத்திட்டத்தை நடத்துகிறது. ஆனால் ஆறு வயது என்பது திட்டத்தின் எல்லை. மூளையின் எல்லை அதற்கு வெகு முந்தியது. அறுவைக்குப் பின் ஓராண்டுக்கும் மேலாகக் கேட்டுப் பழகும் பயிற்சியும் வேண்டும். பழவேற்காட்டிலிருந்தோ ஊத்துக்கோட்டையிலிருந்தோ அதற்காகச் சென்னை செல்லும் தாயின் வழிச்செலவை நம் பைத்துல்மால்கள் ஏற்கலாம்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிறவிச் செவிக்குறையில் பெரும்பங்கு மரபணு வழிப்பட்டது. கன்னெக்சின் 26 என்னும் புரதத்துக்குரிய மரபணுவின் குறை இந்தியாவில் பரவலாகக் காணப்படுவது. பெற்றோர் இருவரும் அதைச் சுமந்தால், அவர்கள் நன்கு கேட்பவராயினும், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. நெருங்கிய உறவில் மணமுடிப்போரிடத்தில் இவ்வாய்ப்பு மிகும். தமிழகம் எல்லாச் சமயத்தாரிடையேயும் உறவுத் திருமணம் மிகுந்த மாநிலம். மாமன் மகளையும் சாச்சா மகளையும் மணப்பதை மார்க்கம் அனுமதித்ததேயன்றிக் கட்டளையிடவில்லை. குடும்பத்தில் கேளாதோர் இருப்பின், நிக்காஹ் பேசுமுன் மருத்துவ ஆலோசனை பெறுவது விவேகம்.

இனித் தந்தையின் செவி. எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபல் என்பதே நம் தொழிற்சாலை விதிகள் வகுத்த உச்சவரம்பு. இரைச்சல் முதலில் தின்பது உச்ச சுருதிகளைக் கேட்கும் அணுக்களை. மெய்யொலிகள் பல அதில் மங்கிவிடுகின்றன. "பேசுவது கேட்கிறது, விளங்கவில்லை" என்பார் அவர். ஜுமுஆவில் முன்வரிசையில் அமர்ந்தும் குத்பாவைத் தொடர இயலாது. செவியடைப்பான் அணிந்திருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். இழந்தபின் கேட்கும் கருவியே துணை. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 70 முதல் 84 வயதுள்ள ஏறத்தாழ ஆயிரம் பேரை மூன்றாண்டு தொடர்ந்தது. மொத்தக் குழுவில் வேறுபாடு தெரியவில்லை. ஆயின் மறதி நோய்க்கான ஆபத்து மிகுந்தோரிடத்தில், கருவியணிந்தவர்களின் அறிவாற்றல் தேய்வு 48 விழுக்காடு குறைந்திருந்தது.

இக்கருவிகள் இயற்கைச் செவிக்கு ஈடாகா. உள்வைப்பின் வழியே பேச்சு நன்கு விளங்கும். சுருதியின் ஏற்ற இறக்கம் அவ்வளவாகப் பிடிபடாது. எனவே அக்குழந்தை கிராஅத்தின் இனிமையை நாம் கேட்பது போல் கேட்கும் என்று சொல்ல இயலாது. தொழுகை பற்றிய ஐயம் வேண்டியதில்லை: ஒலிச்செயலியைக் கழற்றிவிட்டு உளூவும் குளிப்பும் நிறைவேற்றலாம், உட்பகுதி தோலுக்கடியில் இருப்பதால் நீர் படுவதற்குத் தடையில்லை. கருவி பயன்படாதோர்க்குச் சைகை மொழி உண்டு. பேச இயலாதவரின் சைகையை ஒப்பந்தங்களில் செல்லுபடியாக்கிய ஃபிக்ஹு மரபு நம்முடையது.

ஏழாம் நாள் அகீகாவுக்கு நாள் குறிக்கும் குடும்பம், செவிச் சோதனைக்கும் ஒரு நாள் குறிக்கட்டும். பாங்கு சொல்வது தந்தையின் கடமை எனில், அது போய்ச் சேர்ந்ததா என அறிவதும் அக்கடமையின் மறுபாதியே.