ரெண்டு நாள் பட்டணம் போய் வருவோம்

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எங்கள் ஊர்ப் பெண்களிடம் பட்டணம் போனதுண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன், காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போனேன், பிள்ளையின் சான்றிதழுக்காக அலைந்தேன் என்பார்கள். சுற்றிப் பார்க்கப் போனேன் என்று சொல்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து போனதெல்லாம் ஏதாவது காரியமாகத்தான். போன டிசம்பர் கடைசியில்தான் ஒரு காரியமும் இல்லாமல் சனி, ஞாயிறு போய்த் தங்கிவிட்டு வந்தோம். எங்களைப் போன்ற குடும்பங்கள் இதைத் தாராளமாகச் செய்யலாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கரையில் டிசம்பர் என்றாலே வயிறு கலங்கும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். அந்த வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எங்கள் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் கருப்பு. ஆண்கள் வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளினார்கள். கிடைத்த கொஞ்சம் மீனையும் வாங்க ஆளில்லை. அந்தக் கறை போவதற்குள், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் கடலோரத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். ஊரெல்லாம் கேக்கும் நட்சத்திர விளக்கும் கச்சேரியுமாக இருக்கும் மாதத்தை நாங்கள் பயந்து பயந்தே கழிக்கிறோம். அந்த மாதத்தில் ரெண்டு நாளையாவது சந்தோஷத்துக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வீட்டுக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "வூடு இங்க இருக்கசொல்ல காசு குடுத்து அங்க எதுக்குமே படுக்கணும்?" என்றார். "வூட்ல படுத்தா காலைல நான் ஒலை வெக்கணும்யா. ஒருநா வெக்காம இருக்கணும்" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொண்டார்.

போகிற வழி சுலபம். ஷேர் ஆட்டோவில் எண்ணூர் ஸ்டேஷன் வந்தால், கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் மின்சார ரயில்கள் சில சென்ட்ரலுக்குப் போகும், சில கடற்கரைக்குப் போகும். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். கடற்கரை வண்டியில் ஏறினால் வழியில் ராயபுரம் ஸ்டேஷன் வரும். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது அங்கிருந்துதான். தூண்களோடு பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. சன்னலோரம் உட்கார்ந்தால் பார்க்கலாம். மெட்ரோவில் போக நினைப்பவர்கள் விம்கோ நகரில் ஏறலாம். 2021 பிப்ரவரியில் அதுவரை நீட்டித்தார்கள். அங்கிருந்து ஒரே வண்டியில் விமான நிலையம் வரை போகலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. போக்குவரத்துச் செலவு பயப்படும்படி இல்லை.

தங்குவதற்கு எழும்பூர் ஸ்டேஷன் எதிரே கென்னட் லேன் பகுதியில் சின்ன லாட்ஜுகள் நிறைய. புருஷன், பெண்டாட்டி இருவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். பண்டிகை நாளில் வாடகை ஏறும் என்பதால் முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அறையைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

அங்கிருந்து எழும்பூர் அருங்காட்சியகம் பக்கம். 1851-ல் தொடங்கியது; வெள்ளிக்கிழமை விடுமுறை. செப்புச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் நிற்கிறார். எங்கள் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்து மண்ணில் கிடைத்தவர். ரோதான் என்ற பிரெஞ்சுச் சிற்பி, இங்கே உள்ள நடராஜர் சிலைகளின் புகைப்படத்தைப் பார்த்தே மெய்மறந்து எழுதியிருக்கிறார். எனக்கு அங்கிருந்து நகர மனமில்லை. வீட்டுக்காரருக்கோ விலங்கியல் பகுதியிலுள்ள திமிங்கலத்தின் எலும்புக்கூடுதான். அதன் அடியில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தவர், தூரத்தில் திமிங்கலம் மூச்சு விடுவதைத் தன் அப்பா பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கடலைத் தெரிந்த மனிதர் வந்து நின்றால் அந்தக் கூடத்துக்கே உயிர் வந்துவிடுகிறது.

அதற்கு முன்னால், மதியம், ஒரு சபாவுக்குப் போயிருந்தோம். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி தொடங்கியது. மார்கழி சீசன் அப்படி வளர்ந்ததுதான். யுனெஸ்கோ 2017-ல் இசைக்காகச் சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. இத்தனை பெருமையிலும் எங்களுக்கென்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு இருக்கிறது. பல சபாக்களில் மதியக் கச்சேரி இலவசம். இளம் பாடகர்கள் பாடுவார்கள். யாரும் நம்மை எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பதில்லை. கேன்டீனில் சாப்பிடக் கச்சேரி டிக்கெட் வேண்டியதில்லை. ராகம் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் பாடி முடித்தபோது எனக்குக் கண் கலங்கியிருந்தது.

இந்தச் சங்கீதம் எங்கள் பக்கமும் வந்திருக்கிறது. 2015-ல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் வீடுகளுக்கு நடுவே விழா நடத்தினார்கள். 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்' எங்கள் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது. கேபர் வாசுகி எழுத, எங்கள் ஆற்றோரத்திலேயே படம் எடுத்தார்கள். சபா நாற்காலியில் உட்கார எங்களுக்கு உரிமை இல்லை என்று இனி யாரும் நினைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாந்தோம். போர்ச்சுக்கீசியர் கட்டிய கோயில் இருந்த இடத்தில் 1896-ல் கட்டி முடித்த பெரிய தேவாலயம். நாங்கள் அம்மன் கும்பிடுகிறவர்கள். குடில் பார்க்க வந்த கூட்டத்தோடு நாங்களும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அங்கிருந்து நடந்தால் மெரினா கலங்கரை விளக்கம். லிஃப்டில் மேலே போகலாம். திங்கட்கிழமை திறக்க மாட்டார்கள். மேலிருந்து வடக்கே துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. அதற்கும் அப்பால்தான் எங்கள் முகத்துவாரம் என்று வீட்டுக்காரர் கையைக் காட்டினார். ஜனவரியில் போகிறவர்கள் புத்தகக் காட்சி நடக்கிறதா என்று விசாரித்துப் போங்கள். 1977-ல் தொடங்கியது, பல வருடங்களாக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. விம்கோ நகரில் ஏறினால் வண்டி மாறாமலே நந்தனம் மெட்ரோவில் இறங்கலாம்.

இருட்டிய பிறகு மவுண்ட் ரோட்டில் நடந்தோம். கடைக்குக் கடை சீரியல் விளக்கு. அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்ச் சாம்பல்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளின் திறன் மட்டும் 1,830 மெகாவாட். நிலக்கரி காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. சாம்பல் குழாய் உடையும்போதெல்லாம் அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, இறால் தடவும் இடங்கள் மேடு தட்டிவிட்டன. இந்த வெளிச்சத்துக்காக எங்கள் ஆற்றைக் கொடுத்திருக்கிறோம். அதன் கீழே ரெண்டு நாள் நடப்பதற்கு நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இந்தப் பயணம் ஒருகாலத்தில் எதிர்த் திசையில் நடந்தது. 1806-ல் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார்கள். பிற்காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது அதுதான். கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரர்கள் பட்டணத்திலிருந்து எண்ணூருக்கு ஓய்வெடுக்க வந்தார்கள். கரையில் பங்களா கட்டினார்கள். ஏரியில் படகு விட்டார்கள். எங்கள் மீனை வாங்கித் தின்றார்கள். காற்று வாங்க எண்ணூர் போவது அன்றைக்குப் பெரிய மனிதர் வழக்கம். அந்த ஆறும் அந்தக் காற்றும் இருந்த இடத்தில்தான் நாங்கள் இன்றைக்கு இருமிக்கொண்டு வாழ்கிறோம்.

என் ஊர் அக்கா தங்கைகளே, இந்த மார்கழியில் ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கிப் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். பட்டணத்து ஜனங்களே, உங்கள் விடுமுறையில் ஒருநாள் எண்ணூர் ஸ்டேஷனில் இறங்குங்கள். ஆற்றோரம் வந்து நின்று பாருங்கள், எங்களிடம் மீன் வாங்குங்கள், பிறகு உங்கள் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் இந்த ஆற்றைப் பற்றிக் கேளுங்கள். எண்ணூர் மறுபடியும் மனிதர்கள் ஓய்வெடுக்க வருகிற ஊராக வேண்டும்.